கண்ணை மூட மறுத்த சந்தியா

போன வாரம் நீங்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். இசை ஆசிரியர்களாகப் பணியில் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் முகத்தில் அத்தனை களைப்பு. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒருவர் கேட்டுவிட்டார்.

"மேடம், பேரன்ட்ஸ் மீட்டிங்ல ஒரு அம்மா எழுந்து கேக்கறாங்க, பாட்டு கத்துக்கிட்டா எம் பொண்ணுக்கு மார்க் ஜாஸ்தி வருமான்னு. என்னங்க சொல்றது?"

நான் சிரித்துவிட்டேன். திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பாட்டு டீச்சராக இருந்தவள் நான். அந்தக் கேள்வி எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்து, நான் ஓய்வு பெற்ற பிறகும் வேலையில் இருக்கிறது. இளம் வயதில் அதற்கு நீளமாகப் பதில் சொல்வேன். ஞாபகசக்தி வளரும், கூச்சம் போகும், ஒரு இடத்தில் உட்காரும் பொறுமை வரும் என்று விரல்விட்டு எண்ணுவேன். எதுவும் பொய்யில்லை. நாலு பேர் எதிரில் வாயே திறக்காத பெண்கள் மேடையில் நின்று பாடியதைப் பார்த்திருக்கிறேன். தாளம் போடக் கற்ற பெண்களுக்குப் பின்னம் சட்டென்று புரிகிறது என்று எங்கள் கணக்கு டீச்சரே ஒருமுறை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட அதே வாரம் என் பீரியடை ரிவிஷனுக்காகப் பிடுங்கிக்கொண்டார் என்பது வேறு விஷயம். பரீட்சை நெருங்கினால் பாட்டு பீரியட் முதலில் காணாமல் போகும். அதற்கெல்லாம் மனம் நோகாதீர்கள், பழகிவிடும்.

அன்றைக்கு உங்களிடமும் அதே நீளப் பதிலைத்தான் சொல்லி அனுப்பினேன். நீங்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவும்போது சந்தியாவின் ஞாபகம் வந்தது. அவளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு எதுவுமே சொல்லவில்லை என்று பட்டது. அதில் என் பெருமை கொஞ்சம்தான் இருக்கிறது, தப்பு நிறைய இருக்கிறது. அதனால்தான் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு எழுதி அனுப்புகிறேன்.

சந்தியா எட்டாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பா வேன் ஓட்டுகிறார், அம்மாவுக்குக் கொஞ்சம் நிலத்தில் வேலை. எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல், பெரிய கண்கள். அந்தக் கண்கள்தான் எங்கள் இருவருக்கும் நடுவே வந்த தகராறு.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாட ஆரம்பிக்கும்முன் சுருதிப் பெட்டியைப் போடுவேன். தம்பூராவின் நாதத்தைக் கொடுக்கும் சின்ன மின்சாரப் பெட்டி, நீங்களும் வைத்திருப்பீர்கள். அது ஒலிக்கத் தொடங்கியதும் எல்லோரும் கண்ணை மூட வேண்டும். மூடிக்கொண்டு அந்த நாதத்தைக் கேட்டு, பிறகு பாட வேண்டும். என் ஆசிரியை எனக்குச் சொல்லிக்கொடுத்த முறை அது. எத்தனையோ சுட்டிப் பெண்கள்கூட அந்த ஒரு நிமிடம் அடங்கிவிடுவார்கள். வெளியூரிலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் நாற்பது பெண்கள் கண்மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அசந்துபோனார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சந்தியா மட்டும் மூடமாட்டாள். முதல் வரிசையில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, கண் கொட்டாமல் என் முகத்தையே பார்ப்பாள். "கண்ணை மூடும்மா" என்றால் மூடுவாள். இரண்டு விநாடியில் ஒரு கண் திறக்கும், பிறகு மற்றது. கண் திறந்திருக்கும்போது சுமாராக நன்றாகவே பாடுவாள். அதட்டி மூட வைத்துவிட்டால் மற்றவர்கள் தொடங்கிய பிறகு தொடங்குவாள், நான் ஒரு ஸ்வரம் சொன்னால் அவள் வேறொன்று பாடுவாள்.

இதிலிருந்து நான் என்ன புரிந்துகொண்டிருக்க வேண்டும்? நீங்கள் இந்நேரம் புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்கு முப்பது வருட அனுபவம் இருந்ததே, அதனால் புரியவில்லை. கண் திறந்தால் பாடுகிறாள், மூடச் சொன்னால் வேண்டுமென்றே கெடுக்கிறாள், ஆகவே திமிர் என்று முடிவு செய்தேன். அவளை ஜன்னல் ஓரமாகக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். அங்கே போனதும் அவள் பாட்டு முழுதாகக் கெட்டது. என் முடிவு சரிதான் என்று அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

சுருதிப் பெட்டியை ஸ்டாஃப் ரூமிலிருந்து எடுத்து வந்து பிளக்கில் மாட்டும் வேலையை மட்டும் அவளிடம் கொடுத்திருந்தேன். கையில் ஒரு பொறுப்பு இருந்தால் வழிக்கு வருவாள் என்று நினைப்பு. அதை அவள் ஆசையாகச் செய்வாள். துணியால் துடைத்து, மேசையில் நேராக வைத்து, ஸ்விட்சைப் போட்டு, முன்பக்கத்தில் இருக்கும் பச்சை லைட் எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, "ரெடிங்க டீச்சர்" என்பாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் வந்தது. சந்தியாவின் அம்மா வயலிலிருந்து நேராக வந்திருந்தார், சேலையின் ஓரத்தில் செம்மண். ஒவ்வொரு டீச்சராகப் போய் நின்றார். எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கவனம் கிடையாது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கணக்கு டீச்சர், "டிக்டேஷன் போட்டா பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதறா, காப்பியடிக்கற பழக்கம் இப்பவே வந்துடுச்சு" என்றார். கடைசியில் அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"பாட்டு கிளாஸ்லயாச்சும் ஒழுங்கா இருக்காளாங்க டீச்சர்? வீட்ல எப்பவும் ஏதாவது முணுமுணுன்னு பாடிக்கிட்டேதான் இருப்பா."

அவர் குரலில் அத்தனை ஆசை இருந்தது. நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா?

"அங்கயும் அப்படித்தாங்கம்மா. கண்ணை மூடுன்னா மூடமாட்டா. கொஞ்சம் திமிர் ஜாஸ்தி."

அந்த அம்மா தலையாட்டினார். "சரிங்க. இந்த வருஷத்தோட நிறுத்திடறேன். எங்க பக்கத்துல தையல் கிளாஸ் இருக்குது, அதுலயாச்சும் போடறேன். பஸ்ல அனுப்பிட்டு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருக்கறதுக்கு இதாவது மிச்சம்."

சந்தியா பக்கத்தில் நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டேன். ஒரு பெண்ணின் படிப்பு அங்கே என் மேசைக்கு முன்னால் முடிந்துபோனது. நான் அதைத் தடுக்கவில்லை என்பதோடு, என் பங்குக்கு ஒரு தள்ளும் தள்ளிவிட்டேன்.

ஆண்டு விழா வந்தது. வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேரை எடுக்க வேண்டும். நம் வேலையில் இதற்கு ஒரே வழிதான் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பெண்ணும் தனியாக ஒரு வரி பாட வேண்டும், நாம் கேட்க வேண்டும். அன்றைக்குக் கணக்கு டீச்சர் வேறு வாசலில் நின்று, "முடிஞ்சதும் பாதி பீரியடைக் குடுத்துடுங்க" என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் பெயர்ப் பட்டியலில் மூழ்கியிருந்தேன். சந்தியா பெட்டியை மாட்டிவிட்டு, வழக்கம்போல "ரெடிங்க டீச்சர்" என்றாள்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க."

மூடினார்கள். ஒரு நிமிடம் போயிற்று. யாரும் தொடங்கவில்லை. முதல் வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் திறந்து, "பெட்டி ஓடலைங்க டீச்சர்" என்றாள்.

எனக்கு எரிச்சல். "ஏம்மா சந்தியா, ஸ்விட்ச் போட்டியா இல்லையா?"

"போட்டுட்டேங்க டீச்சர். பாருங்க, ஓடுது" என்று பச்சை லைட்டைக் காட்டினாள்.

குனிந்து பார்த்தேன். லைட் எரிந்தது. வால்யூம் பட்டன் பூஜ்யத்தில் இருந்தது, துடைக்கும்போது திரும்பியிருக்கும். அதைத் திருப்பினேன். நாதம் எழுந்தது. சுற்றியிருந்த பெண்களின் முகங்கள் எல்லாம் "ஆங், வந்துடுச்சு" என்று மாறின. சந்தியாவின் முகம் மாறவில்லை. அவள் விரல் இன்னும் லைட்டையே காட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னது சரிதானே என்று என் முகத்தைப் பார்த்தாள்.

பட்டனை மறுபடி பூஜ்யத்துக்குத் திருப்பினேன். அவள் முகம் அப்படியே இருந்தது. ஏற்றினேன். அப்படியே இருந்தது. எழுந்து அவள் பின்பக்கமாகப் போய்ச் சாதாரணக் குரலில் "சந்தியா" என்றேன். அவள் மேசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது என் கையில் இருந்தது ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு நூறு தடவை யோசித்திருக்கிறேன். ஒன்றுமே நடக்காததுபோல் வால்யூமை ஏற்றிவிட்டு, வகுப்பை நடத்தி முடித்து, சாப்பாட்டு வேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் பதறிப்போய் அவள் தோளைத் திருப்பி, வகுப்புக்கே கேட்கும்படி கத்தினேன்.

"உனக்குக் காது கேக்கலையா சந்தியா?"

யோசித்துப் பாருங்கள், இந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரும் அந்தக் குழந்தையிடம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! கூப்பிட்டால் காது கேக்கலையா, சொன்னால் காதுல விழலையா, ஒரு நாளைக்குப் பத்து தடவை. எல்லாம் திட்டு. உண்மையிலேயே பதில் தெரிய வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஒருவர் கேட்டது. அதையும் நாற்பது பேர் நடுவில் கேட்டுத் தொலைத்தேன்.

முதல் வரிசையிலிருந்து ஒரு குரல், "செவிடு!" என்றது. சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் நாற்பது முகங்களும் அவளைப் பார்த்துச் சிரித்தன, பார்ப்பதில் அவளுக்கு என்ன குறை? என் கையை உதறிவிட்டு, பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஸ்டாஃப் ரூமில் நடந்ததைச் சொன்னபோது கணக்கு டீச்சர்தான் முதலில் நாற்காலியில் உட்கார்ந்தார். "அய்யோ, அதான் டிக்டேஷன்ல மட்டும் பக்கத்து நோட்டைப் பார்க்கறாளா? போர்டுல எழுதிப் போட்டா எல்லாக் கணக்கும் சரியா போடுவா. நான் அதைக் காப்பின்னு சொல்லிட்டேனே." அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் பீரியட் கேட்கும்போது எனக்குக் கோபமே வந்ததில்லை.

மூன்றாம் நாள் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினேன். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் காலையிலிருந்தே சேர ஆரம்பித்திருந்தது, பஸ்களை எல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்துக்குத் தள்ளியிருந்தார்கள். ஆட்டோக்காரர் பாதியிலேயே இறக்கிவிட்டார். ஊரே மலையை நோக்கி வந்துகொண்டிருக்க, நான் மட்டும் எதிர்த்திசையில் சந்தியாவின் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து போய் பஸ் பிடித்தேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன், வாசலில் நின்றதும் ஒன்றும் ஞாபகம் இல்லை.

வீட்டு முன்னால் தார்ப்பாயில் அம்மாவும் மகளும் விதைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வார்கள். சந்தியா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றார் அந்த அம்மா, எழுந்திருக்காமல். "எம் பொண்ணை செவிடுன்னு ஸ்கூல் முழுக்கச் சொல்லிட்டீங்க. இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதா?"

"நான் கேட்ட இடம் தப்புங்கம்மா. அத்தனை பேர் நடுவுல கேட்டிருக்கக் கூடாது. மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

"நல்லாப் பேசறா, நல்லாப் பாடறா. செவிடு எங்கயாச்சும் பாடுங்களா?"

"அப்படித்தாங்க நானும் நினைச்சிட்டேன். நம்ம வாயைப் பார்த்தே பாடறா. பக்கத்துல சத்தமா பாடறவங்க குரலைப் பிடிச்சிக்கறா. கண்ணை மூடுன்னா அவளால முடியலை. அதைத்தான் நான் உங்ககிட்ட திமிர்னு சொன்னேன். தப்பு என்னுதுங்க."

அந்த அம்மா என்னை நம்பவில்லை. நம்பாதவர் செய்ய வேண்டியதைச் செய்தார். கையிலிருந்த காயைக் கீழே போட்டுவிட்டு, மகளின் முதுகைப் பார்த்து, "சந்தியா" என்றார். சந்தியா உரித்துக்கொண்டிருந்தாள்.

"சந்தியா" என்றார் இன்னும் கொஞ்சம் உரக்க. படக் படக் என்று காய் உடையும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏ சந்தியா!" என்று கத்தினார். சந்தியா திரும்பினாள்.

"பாருங்க, திரும்பிட்டா..." என்று வெற்றியோடு ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். அவர் முகத்தில் பழசெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்வது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எப்பவும் மூணாவது தடவைதாங்க டீச்சர் திரும்புவா. வேணும்னே பண்றான்னு முதுகுல ரெண்டு வெச்சிருக்கேன். சின்னதுல காதுல சீழ் வடிஞ்சிக்கிட்டே இருந்துச்சு. தானா நின்னுடுச்சேன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. நானும் தார்ப்பாயில் உட்கார்ந்து அழுதேன். ஆளுக்கு ஒரு பக்கம் அந்தக் குழந்தையைக் குற்றவாளியாக்கிய இரண்டு பெண்கள், நடுவில் ஒரு குவியல் மல்லாட்டை.

ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வேணாங்க. மெஷின் கிஷின் மாட்டி அனுப்பிட்டா ஊரு பூரா தெரிஞ்சிடும். நாளைக்கு இவளை யாருங்க கட்டிக்குவாங்க? இருக்கறது இருந்துட்டுப் போகட்டும். தையல் கத்துக்க எதுக்குக் காது?"

இந்த இடத்தில் என்ன வாதாடுவீர்கள்? என்னிடம் நிறைய வாதம் இருந்தது. படிப்பு, எதிர்காலம், சட்டம். எல்லாம் வாய்வரை வந்தது. ஆனால் மூன்று நாள் முன்பு அவசரப்பட்டு வாயைத் திறந்தவள் நான்தான். அதனால் இந்தத் தடவை சும்மா இருந்தேன். வாழ்க்கையில் நான் சரியாகச் சும்மா இருந்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

சந்தியா எங்கள் வாய்களைப் படித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அம்மாவின் முழங்கையைத் தொட்டாள்.

"அம்மா, அப்ப எனக்குத் திமிரு இல்லையாம்மா?"

அந்த அம்மா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"எல்லாரும் சொல்றாங்களே, எனக்குத் திமிருன்னே நினைச்சிட்டேம்மா. எப்படி அதைப் போக்கறதுன்னுதான் தெரியலை."

அவ்வளவுதான். அந்த அம்மா மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். பிறகு அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "எந்த ஆஸ்பத்திரிக்குங்க போவணும்?" என்று கேட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டர் நிதானமாகப் பரிசோதித்தார். இரண்டு காதிலும் கேட்பது கம்மி, வாய் பார்த்து ஒப்பேற்றியிருக்கிறாள், கெட்டிக்காரப் பெண் என்றார். மெஷின் மாட்டினால் பெரும்பாலும் கேட்கும், கிடைக்கச் சில வாரம் ஆகும் என்றார். கெட்டிக்காரப் பெண் என்று ஒருவர் சொல்லி அந்த அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்ததும், "டாக்டர் என்ன சொன்னாருங்க?" என்று தெரிந்தே என்னை இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

அந்தச் சில வாரங்களைத் தாண்ட வேண்டுமே. சந்தியா பள்ளிக்குத் திரும்ப வேண்டும், அதே நாற்பது முகங்களுக்கு நடுவில். சிரித்தவர்களை நிற்க வைத்துத் திட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டினால் அவர்கள் வெளியே சிரிப்பதை நிறுத்துவார்கள், மறைவாகச் சிரிப்பார்கள். அவளையே கேட்டேன், "கிளாஸ்ல சொல்லலாமா, வேணாமா?" என்று. "சொல்லுங்க டீச்சர். எல்லாருக்கும்தான் தெரிஞ்சிடுச்சே. சரியாச் சொல்லிடுங்க" என்றாள்.

மறுநாள் ஒரு பொட்டலம் பஞ்சோடு வகுப்புக்குப் போனேன். எல்லோரும் இரண்டு காதிலும் பஞ்சை வைத்து, மேலே கையால் அழுத்திக்கொள்ளச் சொன்னேன். சின்னக் குரலில், தெரிந்த பாட்டில் ஒரு வரி பாடிக் காட்டி, திருப்பிப் பாடுங்கள் என்று சைகை செய்தேன். ஆளுக்கு ஒரு இடத்தில் தொடங்கி, ஆளுக்கு ஒரு சுருதியில் போய், சந்தைக்கடை தோற்றது. வகுப்பே உருண்டு சிரித்தது. பஞ்சை எடுக்கச் சொல்லிவிட்டு, சந்தியாவை எதிரில் உட்கார வைத்து அதே வரியைப் பாடினேன். அவள் என் வாயைப் பார்த்துத் திருப்பிப் பாடினாள். சின்னச் சின்னப் பிசகு இருந்தது. ஆனால் பாட்டு இருந்தது.

"இத்தனை வருஷமா அந்தப் பஞ்சோடதான் இவ நம்ம கூடப் பாடிக்கிட்டிருக்கா. எனக்கு அது தெரியலை. தெரியாம கண்ணை மூடுன்னு தண்டிச்சேன், கடைசி வரிசைக்கு அனுப்பினேன். தப்பு பண்ணது நான்."

யாரும் சிரிக்கவில்லை. "செவிடு" என்று கத்திய பெண் எழுந்து வந்து முதல் வரிசையில் தன் இடத்தைச் சந்தியாவுக்குக் கொடுத்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத்தான் வந்தாள். பிள்ளைகள் அப்படித்தான், நாம் தப்பை ஒத்துக்கொண்டால் அவர்களுக்கும் ஒத்துக்கொள்ள வழி பிறக்கிறது. மற்ற வகுப்புகளிலும் அவளுக்கு முதல் பெஞ்ச் என்று தலைமை ஆசிரியை எழுதிக் கொடுத்தார். கணக்கு டீச்சர் எல்லாக் கணக்கையும் போர்டில் எழுத ஆரம்பித்தார். அரையாண்டுத் தேர்வில் சந்தியாவின் கணக்கு மார்க் ஏறியது. பாட்டு கற்றால் மார்க் வருமா என்று கேட்கும் அம்மாவுக்கு இந்த ஒரு கதையை வேண்டுமானால் சொல்லுங்கள், ஆனால் உத்தரவாதம் கொடுக்காதீர்கள். தையல் கிளாஸ் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

ஒன்று கவனித்தீர்களா? அந்தக் குழந்தைக்கு நாளுக்கு ஏழெட்டு பீரியட். எல்லாவற்றிலும் அவள்தான் டீச்சரைக் கேட்க வேண்டும். டீச்சர் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையாகக் கேட்பது நம் பீரியடில்தான். தனியாக ஒரு வரி, அந்த ஒரு குரலை மட்டும். பாட்டு வகுப்பால் என்ன பிரயோஜனம் என்று கேட்டால் இப்போது எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அந்த வேலையையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை, ஒரு வால்யூம் பட்டன்தான் எனக்காகச் செய்தது.

மெஷின் வந்தது. மாட்டிய முதல் வாரம் அவளுக்குத் திண்டாட்டம். பஸ் ஹாரன் தலைக்குள் அடிக்கிறது, மிக்ஸி ஆளைக் கொல்கிறது, அப்பா குறட்டை விடுவார் என்று தனக்கு யாரும் சொல்லவே இல்லையே என்று ஒரே புகார். எட்டாம் நாள் பாட்டு பீரியட். வழக்கம்போல் பெட்டியைக் கொண்டுவந்தாள். துணியால் துடைத்தாள், மேசையில் நேராக வைத்தாள், ஸ்விட்சைப் போட்டாள். லைட்டைப் பார்க்கக் குனிந்தவள் துள்ளிப் பின்னால் நகர்ந்தாள்.

"டீச்சர்! ரிப்பேர் ஆயிடுச்சுங்க. உள்ள இருந்து ஏதோ சத்தம் வருது."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். "ரிப்பேர் இல்லம்மா. அது எப்பவும் அப்படித்தான்."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அவள் பெட்டியைப் பார்த்தாள். திரும்பி நாற்பது பேரையும் பார்த்தாள். "நான் லைட்டுதான்னு நினைச்சேங்க. பூஜைக்கு வெளக்கேத்தற மாதிரி, பாடறதுக்கு முன்ன ஏத்தறீங்கன்னு. அப்ப இவங்க எல்லாம் இதைக் கேட்டுக்கிட்டா பாடினாங்க?"

நான் தலையாட்டினேன். கண்ணை மூடுங்கள் என்று சொல்லவும் மறந்துபோனேன்.

அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு யாரும் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு விநாடி ஆயிற்று, ஐந்தாயிற்று, பத்தாயிற்று. கண் திறக்கவில்லை. மூடியபடியே ஸா என்று எடுத்தாள், அது பெட்டியின் நாதத்தில் போய்ச் சேர்ந்தது.

மற்றவர்களும் மூடிக்கொண்டு அவளோடு சேர்ந்தார்கள். அவர்கள் பாடத் தொடங்கியதும் நானும் எப்போதும் மூடிக்கொள்கிறவள்தான். அன்றைக்கு மூடவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை, என் வகுப்பில் பிள்ளைகள் பாடும்போது நான் ஒருமுறைகூடக் கண்ணை மூடியதில்லை.